பாக்கெட்டில் ஐந்து தோட்டா: குட்டைக்குழல் ரிவால்வர் வாங்குபவர்களுக்கு

குட்டைக்குழல்:

கடைக் கண்ணாடிக்குள் கையை விடும் முன் எடையை முடிவு செய்துவிடுங்கள். கடையில் கையில் வாங்கிப் பார்க்கும்போது லேசானதுதான் எல்லோருக்கும் பிடிக்கும். அங்கே யாரும் சுட்டுப் பார்ப்பதில்லை, அதுதான் காரணம்.

கணக்கு இது. ஸ்மித் அண்ட் வெஸன் 442, 642 இரண்டும் அலுமினியக் கலவைச் சட்டகம், ஐந்து தோட்டா, .38 ஸ்பெஷல் வகைத் தோட்டா, 410 கிராமை ஒட்டி. ரூகர் எல்சிஆர் .38 கிட்டத்தட்ட 380. ஸ்காண்டியம் கலவைச் சட்டகமும் டைட்டேனியம் சிலிண்டரும் சேர்ந்த ஸ்மித் அண்ட் வெஸன் 340பிடி 335 பக்கம்தான். முழு எஃகில் வரும் 640 அறுநூறைத் தாண்டும். ஒரே தோட்டாவை இதன் பாதி எடையுள்ள துப்பாக்கியில் சுட்டால் கை வாங்கும் உதையின் ஆற்றல் இரண்டு மடங்கு. இதை மாற்ற எந்த ரப்பர் பிடியாலும் முடியாது. ரப்பர் வலியைக் கொஞ்சம் பரப்பிக் கொடுக்கும், அவ்வளவுதான்.

என் கணிப்பில் 380 முதல் 450 கிராம்தான் சரியான இடம். பேண்ட் பாக்கெட்டை இழுக்காது, ஒரு பெட்டி, அதாவது 50 தோட்டா, சுட்டு முடிக்கவும் முடியும். 340பிடியில் .357 மேக்னம் என்ற பலமான தோட்டா போட்டு ஐந்து சுட்டவர்கள் ஆறாவதைக் கேட்பதில்லை. பயிற்சி செய்யவே முடியாத துப்பாக்கி பாக்கெட்டில் கிடக்கும் வெறும் எடைதான்.

எண்ணெய்த்துணி:

அந்த 340பிடி குழலிலேயே 120 கிரெய்னுக்கு (குண்டின் எடை அளவு) குறைந்த குண்டு வேண்டாம் என்று பொறித்திருக்கும். வாங்குபவர்களில் பாதிப் பேர் அதைப் படிப்பதில்லை. லேசான குண்டு போட்ட மேக்னம் தோட்டாவில் மருந்து அதிகம். சூடும் எரியாத துகளும் டைட்டேனியம் சிலிண்டரின் முகத்தை அரித்துவிடும். துப்புரவிலும் கவனம் வேண்டும். முகத்தில் படிந்த கரியைச் சுரண்டுகிறேன் என்று உரசுபொடியோ கம்பி நாரோ போட்டால் மேற்பூச்சு போய்விடும். கருமை அப்படியே இருக்கட்டும், அதனால் ஒன்றும் கெடாது.

லேசான துப்பாக்கிக்கு இன்னொரு நோய் உண்டு. சுடும்போது துப்பாக்கி பின்னால் பாய்கிறது, மீதித் தோட்டாக்களின் கூடும் அதோடு பின்னால் போகிறது. குண்டு மட்டும் இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கும். கூட்டின் வாய் இறுக்கம் போதாவிட்டால் குண்டு மெல்ல முன்னால் வந்து சிலிண்டர் வாயைத் தாண்டி நீட்டிக்கொள்ளும். பிறகு சிலிண்டர் சுழலாது. எத்தனை தடவை ட்ரிக்கர் இழுத்தாலும் பயனில்லை.

சோதனை எளிது. ஐந்து போட்டு நான்கு சுடுங்கள். ஐந்தாவதை வெளியே எடுத்து, பெட்டியிலிருந்து எடுத்த புதுத் தோட்டாவோடு சேர்த்து வெர்னியரில் நீளம் பாருங்கள். வளர்ந்திருந்தால் அந்தத் தோட்டா அந்தத் துப்பாக்கிக்கு வேண்டாம். பிராண்டு மாறும்போதெல்லாம் இதைத் திரும்பச் செய்யுங்கள். வெற்று ஈயக் குண்டில் இந்தத் தொல்லை கூடுதல், செம்பு உறை போட்டதில் குறைவு.

மதுரைக்காரன்_டல்லஸ்:

அண்ணே, சுத்தி, அதாவது தோட்டாவைத் தட்டுற ஹேமர், வெளியே தெரியுற மாடலா, மூடினதா? கடைக்காரர் 637 காட்டுறாரு, சுத்தியை இழுத்து வச்சு சுட்டா குறி நல்லா விழும்னு சொல்றாரு.

குட்டைக்குழல்:

அவர் சொல்வது பொய்யில்லை, ஆனால் பாக்கெட்டுக்குப் பொருந்தாது. 637-இல் சுத்தி வெளியே நிற்கும். 638-இல் சட்டகமே தோள் மாதிரி எழும்பி மூடியிருக்கும், மேலே ஒரு நுனி மட்டும் தெரியும். 642-இல் முழுக்க உள்ளே. சட்டைக்கடியிலிருந்தோ பாக்கெட்டிலிருந்தோ இழுக்கும்போது வெளியே நிற்கும் சுத்தி துணியைக் கவ்வும். அவசரத்தில் எடுக்கும்போதுதான் கவ்வும். 638-இன் அந்தப் பிளவில் பாக்கெட் பஞ்சும் மண்ணும் சேரும், மாதத்துக்கு ஒரு தடவை ஊதிவிட வேண்டும். பாக்கெட் என்றால் 642 மாதிரி மூடியது, அல்லது எல்சிஆர்.

இரண்டுக்கும் வேறுபாடு ட்ரிக்கரில். 642 பெட்டியிலிருந்து வரும்போது கனமாகவே இருக்கும், இழுக்க இழுக்கப் பாரம் ஏறும். எல்சிஆர் ட்ரிக்கரில் உராய்வைக் குறைக்கும் கேம் என்ற உறுப்பு இருப்பதால் பாரம் சீராகப் போகும், கடைசியில் திடுக்கென்று ஏறாது. புதிதாக ரிவால்வர் தொடுபவர் எல்சிஆரில் சீக்கிரம் குறி பிடிப்பார். ஆனால் எல்சிஆரில் விரலை முழுதாகத் திரும்ப விட வேண்டும். பாதியில் நிறுத்தி மறுபடி இழுத்தால் சிலிண்டர் ஓர் அறை தள்ளிப் போகும், அந்தத் தோட்டா வெடிக்காமலே கடந்துவிடும். தானியங்கிப் பிஸ்டலிலிருந்து வருபவர்கள் முதல் வாரத்தில் செய்கிற தவறு அது.

ஆறாவது அறை:

ட்ரிக்கர் கனம் என்று உடனே மெல்லிய ஸ்பிரிங் வாங்கி மாட்டுபவர்களுக்கு: சுத்தியைத் தள்ளும் ஸ்பிரிங்கும் அதுவேதான். அதைத் தளர்த்தினால் கடினமான பிரைமர் (தட்டினால் மருந்தைப் பற்றவைக்கும் பகுதி) உள்ள தோட்டாவில் சுத்தி தட்டும், தோட்டா வெடிக்காது. பிரைமரில் ஆழமில்லாத சின்னப் பள்ளம் தெரிந்தால் காரணம் அதுதான். பயிற்சித் துப்பாக்கியில் விளையாடுங்கள், இடுப்பில் வைப்பதில் வேண்டாம். அதற்குப் பதில் காலித் துப்பாக்கியில் ஓர் ஆயிரம் இழுப்பு இழுங்கள். உள் உறுப்புகள் தேய்ந்து வழவழப்பாகும், விரலும் பழகும். தோட்டா எல்லாம் அடுத்த அறையில் இருக்க வேண்டும், சிலிண்டரை இரண்டு தடவை திறந்து பார்த்திருக்க வேண்டும். முன் குறியில் ஒரு காசை வைத்து, அது விழாமல் இழுக்கப் பழகுங்கள். விளிம்பில் பிரைமர் உள்ள .22 ரிவால்வரில் மட்டும் போலித் தோட்டா இல்லாமல் இப்படி இழுக்காதீர்கள், ஊசி அறையின் விளிம்பில் தட்டி அதைச் சிதைக்கும்.

எண்ணெய்த்துணி:

தோட்டா விஷயம்தான் இங்கே அதிகம் சண்டை வரும் இடம், வரட்டும். இரண்டு அங்குலத்துக்கும் குறைந்த குழலிலிருந்து .38 ஹாலோபாயிண்ட், அதாவது நுனியில் குழி உள்ள குண்டு, போதிய வேகத்தில் கிளம்புவதில்லை. ஜீன்ஸ் துணியில் பட்டால் அந்தக் குழி துணியால் அடைபட்டு, குண்டு விரியாமல் நேராகப் போகும். விரிகிற லேசான குண்டுகள் சில வேளை ஆழம் போகாமல் நிற்கும். எஃப்பிஐ வைத்திருக்கும் அளவுகோல் ஜெலட்டினில் 12 முதல் 18 அங்குலம். அதனால்தான் 148 கிரெய்ன் வாட்கட்டர் வகைக் குண்டுக்கு இத்தனை ஆதரவு. முன்பக்கம் தட்டை, வேகம் குறைவு, உதை மிகக் குறைவு, ஆழம் போதும், விரிவதை நம்பியே இல்லை. ஹாலோபாயிண்ட்தான் வேண்டும் என்பவர்கள் குட்டைக் குழலுக்கென்றே செய்த ஸ்பீர் கோல்ட் டாட் 135 கிரெய்ன் பார்க்கலாம். அது +பி, அதாவது கூடுதல் அழுத்தத் தோட்டா, 442-க்கும் 642-க்கும் ஆகும். பழைய ஏர்வெயிட்டுகளுக்கு, அதாவது அலுமினியச் சட்டக மாடல்களுக்கு, வேண்டாம்.

வாட்கட்டரில் ஒரு சிக்கல். முன்பக்கம் தட்டையாக இருப்பதால் எல்லாத் தோட்டாவையும் ஒரேயடியாக நிரப்பும் ஸ்பீட்லோடரில் வைத்து அறைக்குள் தள்ளும்போது விளிம்பில் முட்டிக்கொண்டு நிற்கும். ஆகவே துப்பாக்கிக்குள் வாட்கட்டர், கையிருப்புத் தோட்டாக்களை வரிசையாகச் செருகும் ஸ்ட்ரிப்பில் உருண்டை மூக்குத் தோட்டா. இரண்டும் ஒரே இடத்தில் படுகிறதா என்று 7 கெஜத்தில் சுட்டுப் பாருங்கள். இந்தத் துப்பாக்கிகளில் குறி பார்க்கும் முனை நகராது, பெரும்பாலும் 158 கிரெய்னுக்கு ஒத்து வைத்திருப்பார்கள். லேசான குண்டு கீழே படும், கனமானது மேலே படும். முதல் தடவை பார்ப்பவர்களுக்கு இது தலைகீழாகத் தோன்றும். கனமான குண்டு குழலுக்குள் அதிக நேரம் இருக்கிறது, அதற்குள் குழல் எழும்பிவிடுகிறது.

ஆறாவது அறை:

.38 பிடிக்காதவர்களுக்கு .32 எச்அண்ட்ஆர் மேக்னம் இருக்கிறது. அதே அளவுச் சட்டகத்தில் ஆறு தோட்டா, உதையும் குறைவு. 2024-இல் லிப்ஸீஸ் விநியோகஸ்தர்களோடு சேர்ந்து ஸ்மித் அண்ட் வெஸன் கொண்டுவந்த 432 அல்டிமேட் கேரி அப்படிப்பட்டது. சாதாரண 642-இல் வரும் வெறும் பள்ளக் குறி இல்லை, கண்ணுக்குப் படும் குறி. மணிக்கட்டு வலி உள்ளவர்களுக்கும் சிறிய கைகளுக்கும் இதைத்தான் முதலில் கொடுப்பேன். குறை, தோட்டா விலையும் தட்டுப்பாடும். பயிற்சிக்கு .32 ஸ்மித் அண்ட் வெஸன் லாங் இதில் போகும். நம் ஊர் ஆர்ட்னன்ஸ் தொழிற்சாலை ரிவால்வர்களுக்குப் போடுகிற அதே தோட்டா. 2014-இல் கான்பூரில் வெளியான நிர்பீக்கும் அதுதான், எடை சுமார் 500 கிராம். நீளம் குறைந்த .32 லாங் மேக்னம் அறையில் உட்காரும், மேக்னம் தோட்டா லாங் அறையில் போகவே கூடாது.

குட்டைக்குழல்:

மீண்டும் நிரப்புவதைப் பற்றி யாரும் பேசவில்லை. இரண்டங்குலக் குழலுக்குக் கீழே கூடு தள்ளும் கம்பியும் குட்டை. காலிக் கூடு முழுதாக வெளியே வராது. வாயை வானத்துக்குப் பிடித்து, உள்ளங்கையால் கம்பியின் தலையில் ஒரே அடி. மெதுவாக அழுத்தினால் ஒரு கூட்டின் விளிம்பு, கூடுகளைத் தூக்கும் நட்சத்திரத் தகட்டைத் தாண்டி அதற்கடியில் போய் மாட்டும். பிறகு சிலிண்டர் மூடாது. மாட்டினால் பதறாமல் கம்பியைக் கடைசிவரை அழுத்திப் பிடித்தபடியே அந்தக் கூட்டை நகத்தால் நிமிண்டி எடுக்க வேண்டும். வேறு வழி இல்லை.

அதே தகட்டுக்கடியில் எரியாத மருந்துத் துகள் நான்கைந்து விழுந்தாலும் சிலிண்டர் இறுகும். வாய் மேலே பார்க்க, காய்ந்த பல் துலக்கும் பிரஷால் இரண்டு இழுப்பு, சரியாகிவிடும். அங்கே எண்ணெய் போடாதீர்கள், துகளைப் பிடித்து வைக்கும்.

சிலிண்டர் திறக்கவே மறுத்தால் கம்பி கழன்றிருக்கிறது. ஸ்மித் அண்ட் வெஸனில் இடப்புரி மரை, வழக்கத்துக்கு எதிராகத் திருப்பினால்தான் இறுகும். இறுக்கும்போது அறைகளில் காலிக் கூடுகள் இருக்கட்டும், இல்லாவிட்டால் நட்சத்திரத்தைப் பிடித்திருக்கும் ஊசிகள் வளையும். லேசான துப்பாக்கிகளில் பக்கத்தகட்டுத் திருகுகளும் இப்படித்தான் தளரும். நீல நிற மரைப் பசை ஒரு சொட்டு போதும், சிவப்பு வேண்டாம்.

மதுரைக்காரன்_டல்லஸ்:

பாக்கெட்ல சும்மா போட்டுக்கலாமா, உறை கட்டாயமா?

எண்ணெய்த்துணி:

கட்டாயம். ட்ரிக்கரை மூடுகிற பாக்கெட் உறை, வெளிப்பக்கம் சொரசொரப்பாக, எடுக்கும்போது உறை பாக்கெட்டிலேயே தங்க வேண்டும். அதே பாக்கெட்டில் சாவி, சில்லறை, மிட்டாய்த்தாள் எதுவும் கூடாது. ரப்பர் பிடி கைக்கு சுகம், ஆனால் துணியில் ஒட்டும். பாக்கெட்டுக்கு மரம் அல்லது வழவழப்பான பிளாஸ்டிக். கையை உள்ளே விட்டுப் பிடித்தபடி வெளியே எடுக்க முடிகிறதா என்று வாங்கும் முன் பேண்டைப் போட்டுப் பாருங்கள். முஷ்டி பாக்கெட் வாயில் சிக்கினால் அந்தப் பேண்ட் ஆகாது. காரில் பெல்ட் போட்டு உட்கார்ந்தால் பாக்கெட் துப்பாக்கிக்குக் கை போகாது. அதிகம் ஓட்டுபவர்கள் வயிற்றுப்பக்க உறையைப் பாருங்கள்.

டெக்சாஸ் வேர்வை அலுமினியப் பூச்சை உரித்துவிடும். வாரம் ஒரு தடவை உடம்புப் பக்கம் துடைத்து, எண்ணெய் தொட்ட துணியால் மெல்லிய பூச்சு.

சட்டம் பேசுபவர்:

டெக்சாஸில் 2021 செப்டம்பர் 1 முதல் உரிமம் இல்லாமலே தகுதியுள்ளவர் மறைத்து வைத்துச் செல்லலாம். ஆனாலும் உரிமம் எடுங்கள். பள்ளியிலிருந்து 1000 அடிக்குள் துப்பாக்கி வைத்திருப்பதைத் தடுக்கும் மத்தியச் சட்டம் அந்த மாநிலம் வழங்கிய உரிமம் உள்ளவருக்கு விலக்கு தருகிறது, உரிமமில்லாதவருக்கு அந்த விலக்கு இல்லை. பிள்ளையைப் பள்ளியில் விடப் போகும் வழியெல்லாம் அந்த எல்லைக்குள்தான். பள்ளி வளாகத்துக்குள் போவது தனிக் கேள்வி, அதற்கு மாநிலச் சட்டத்தைப் படியுங்கள்.

நம்மவர்கள் தவறவிடுவது இன்னொன்று. எச்1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் மத்தியச் சட்டப்படி துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கவே கூடாது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் மாதிரி சில விலக்குகள் உண்டு, அதை வைத்து விளையாடும் முன் வழக்கறிஞரிடம் போங்கள். பச்சை அட்டை உள்ளவருக்கு இந்தத் தடை இல்லை.

ஆறாவது அறை:

பழையதை வாங்குபவர்கள் கடையில் செய்ய வேண்டியது: காலியா என்று பார்த்து, சிலிண்டரில் விரலால் மெல்லத் தடை கொடுத்தபடி ட்ரிக்கரை மெதுவாக இழுங்கள். சுத்தி விழும் முன் ஒவ்வோர் அறையும் டிக் என்று பூட்டிக்கொள்ள வேண்டும். ஐந்திலும் பாருங்கள், ஒன்றில் மட்டும் பிந்தும். பிறகு சிலிண்டரை முன்னும் பின்னும் தள்ளி ஆட்டம் பாருங்கள், கண்ணுக்குத் தெரிகிற ஆட்டம் இருந்தால் வைத்துவிடுங்கள். சிலிண்டர் முகத்துக்கும் குழலுக்கும் இடையே அங்குலத்தில் ஆயிரத்தில் 4 முதல் 8 வரை இடைவெளி சரி, அளவுத்தகடு ஒன்று பையில் இருந்தால் கடைக்காரர் மரியாதையாகப் பேசுவார். கடைசியாகச் சிலிண்டரைத் திறந்து, குழல் திருகியிருக்கும் இடத்துக்குக் கீழே, சட்டகம் மெலிந்திருக்கும் அந்த இடத்தில், டார்ச் அடித்துப் பாருங்கள். அலுமினியச் சட்டகம் விரிசல் விடுவது அங்கேதான், தலைமுடி அளவுக் கோடாக இருக்கும். எண்ணெய் பூசி மினுக்கி வைத்திருந்தால் முதலில் துடைத்துவிட்டுப் பாருங்கள்.