நாலு மாதக் குழந்தைக்கு ராகிப் பாலா, டின் பாலா? வீட்டில் தினமும் இதே பேச்சு

பவானிக்கரை:
வணக்கம். என் மகளுக்கு நேற்றோடு நாலு மாதம் முடிந்தது. பிறந்தபோது 2.8 கிலோ, இப்போது 5.7. இதுவரை தாய்ப்பால் மட்டும்தான். இன்னும் பத்து நாளில் நான் வேலைக்குப் போக வேண்டும். 26 வார விடுப்பில் ஏழு வாரம் பிரசவத்துக்கு முன்பே கழிந்துவிட்டது. கால் வீக்கம், ரத்த அழுத்தம் என்று மருத்துவர் ஓய்வெடுக்கச் சொல்லிவிட்டார்.

அத்தை ராகியை முளைகட்டி அரைத்து, பால் எடுத்து, பனங்கற்கண்டு போட்டுக் காய்ச்சிக் கொடுக்கலாம் என்கிறார். கணவர் பால்பவுடர் ஒரு டப்பா, கோதுமை சீரியல் ஒரு டப்பா வாங்கி வந்துவிட்டார். நேற்று நான் குளித்துவிட்டு வருவதற்குள் நாத்தனார் இரண்டு ஸ்பூன் ஆப்பிள் ஜூஸ் கொடுத்தே விட்டார். காரணம் என்னவென்றால், இரண்டாம் மாதம் 900 கிராம் ஏறிய பிள்ளை போன மாதம் 500 கிராம்தான் ஏறியிருக்கிறாள். "உன் பால் பத்தவில்லை" என்று ஆளாளுக்குச் சொல்கிறார்கள். கேட்கக் கேட்க அழுகைதான் வருகிறது. என்ன செய்யட்டும்?

ஊத்துக்குளி ஆத்தா:
அழாதே அம்மணி. பால் கொடுக்கிற நேரத்தில் மனசு கலங்கினால் பாலும் குறையும். உன் அத்தை சொல்வதில் ஒரு தப்பும் இல்லை. நான் மூன்று பெற்றேன். மூன்றாம் மாதமே ராகிப் பால், ஐந்தாம் மாதம் பசும்பாலில் பாதித் தண்ணீர் கலந்து சங்கில் ஊட்டினேன். மூன்றும் இன்று பேரன் பேத்தி எடுத்துவிட்டன. டின்னில் வருவதற்கு நம் வீட்டு ராகி எந்த விதத்தில் குறைச்சல்? காட்டு வேலைக்குப் போன நாங்கள் எந்த டப்பாவைக் கண்டோம்?

தாய்ப்பால் மட்டும்:
பவானிக்கரை, எதுவும் கொடுக்காதீர்கள். ராகி வேண்டாம், டப்பாவும் வேண்டாம். ஆறு மாதம் முடியும் வரை தாய்ப்பால் மட்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது, நம் அரசும் அதையேதான் சொல்கிறது. உங்கள் வீட்டுக்கு வந்திருக்கும் அந்த சீரியல் டப்பாவைத் திருப்பிப் பாருங்கள், அதிலேயே ஆறு மாதத்துக்குப் பிறகு என்றுதான் போட்டிருக்கும். குழந்தை உணவு விற்பனை பற்றிய 1992 சட்டம், அதற்கு 2003-இல் வந்த திருத்தம் இரண்டும் சேர்ந்து கொண்டுவந்த கட்டாயம் அது. டப்பாமேல் கொழுகொழு குழந்தைப் படம் போடவும் முடியாது, விளம்பரம் செய்யவும் முடியாது. ஒரு பொருளுக்கு இவ்வளவு கடிவாளம் எதற்கு என்று உங்கள் கணவரை யோசிக்கச் சொல்லுங்கள்.

இரட்டையர் அப்பா:
மன்னிக்கவும், இந்தக் குரலைக் கேட்டால் எனக்குப் பழைய காயம் திறக்கிறது. என் பிள்ளைகள் 34 வாரத்தில் பிறந்த இரட்டையர். மனைவிக்குப் பிரசவத்தில் ரத்தப்போக்கு, ஐந்து நாள் தீவிர சிகிச்சை. பால் சுரக்கவே இரண்டு வாரம் ஆனது, அதுவும் ஒரு பிள்ளைக்கே போதவில்லை. பார்க்க வந்தவர்கள் எல்லாம் "தாய்ப்பால் கொடுக்கவில்லையா" என்று அவள் முகத்தைப் பார்த்துக் கேட்டார்கள். அந்த ஒரு கேள்வியால் அவள் பட்ட பாட்டை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். பால்பவுடர் இல்லாவிட்டால் என் பிள்ளைகள் இல்லை. நீங்கள் சொல்லும் சட்டம் விளம்பரத்துக்குத்தான் தடை போட்டது, தேவைப்படும் குழந்தைக்குக் கொடுப்பதற்கு அல்ல.

தாய்ப்பால் மட்டும்:
உங்கள் மனைவியைக் குறை சொல்லவில்லை அண்ணா. அவர் நிலை வேறு. ஆனால் இங்கே கேட்டிருப்பவருக்குப் பால் இருக்கிறது. இருக்கும் பாலை நிறுத்த வைப்பதுதான் இந்த வியாபாரத்தின் வழி. 1977-இல் நெஸ்லேயைப் புறக்கணிக்கும் இயக்கம் ஏன் தொடங்கியது? சுத்தமான தண்ணீர் இல்லாத நாடுகளில் பால்பவுடரைப் பரப்பியதால்தான். 1981-இல் உலக சுகாதார மாநாட்டில் தாய்ப்பால் மாற்றுப் பொருட்களின் விற்பனைக்கு நெறிமுறை கொண்டுவந்தபோது 118 நாடுகள் ஆதரித்தன, எதிர்த்து வாக்களித்தது அமெரிக்கா மட்டும். 2024 ஏப்ரலில் பப்ளிக் ஐ, இப்ஃபான் என்ற இரண்டு அமைப்புகளின் அறிக்கை வந்ததே, நினைவிருக்கிறதா? இந்தியாவில் விற்கும் நெஸ்லேயின் செரலாக் சீரியலில் ஒரு வேளைக்குக் கிட்டத்தட்ட 3 கிராம் சர்க்கரை சேர்த்திருக்கிறார்கள். ஜெர்மனியிலும் பிரிட்டனிலும் விற்பதில் சேர்க்கவில்லை. நம் பிள்ளைகளின் நாக்கு மட்டும் எதில் வேறு?

இரட்டையர் அப்பா:
சர்க்கரை விஷயத்தில் உங்களோடு நிற்கிறேன். எனக்கும் கோபம்தான். அந்த ஆண்டு அக்டோபரில், சுத்திகரித்த சர்க்கரை சேர்க்காத வகைகளைக் கொண்டுவருவதாக அந்த நிறுவனம் அறிவித்தது. கேள்வி கேட்டதால்தான் வந்தது. ஆனால் அது சீரியல். ஃபார்முலா, அதாவது குழந்தைப் பால்பவுடர், வேறு, சீரியல் வேறு. இரண்டையும் "டப்பா" என்று ஒரே கூடையில் போட்டால் கேட்கும் பெண்ணுக்குக் குழப்பம்தான் மிஞ்சும்.

ஓய்வுபெற்ற செவிலி:
அரசு மருத்துவமனைக் குழந்தைகள் பிரிவில் 31 ஆண்டுகள் இருந்தேன். முதலில் பவானிக்கரையின் எடைக் கணக்கைப் பேசிவிடலாம், வீட்டில் எல்லாப் பேச்சும் அதிலிருந்துதான் கிளம்பியிருக்கிறது.

மகளே, தாய் சேய் நல அட்டையில் இருக்கும் வளர்ச்சிக் கோட்டை எடுத்துப் பார். 2.8 கிலோவில் பிறந்த பெண் குழந்தை நாலு மாதத்தில் 5.7 என்றால், பிறந்தபோது எந்தக் கோட்டில் இருந்தாளோ அதே கோட்டில்தான் இப்போதும் இருக்கிறாள். பிறந்த எடை இரண்டு மடங்காகிவிட்டது. இரண்டாம் மாதம் 900 ஏறினால் நாலாம் மாதமும் 900 ஏறாது, எந்தக் குழந்தைக்கும் ஏறாது. வேகம் குறைவது இயற்கை. ஒரு நாளைக்கு ஆறு தடவைக்குக் குறையாமல் சிறுநீர் கழிக்கிறாளா, பால் குடித்த பிறகு அடங்குகிறாளா என்று பார். உன் பால் பத்துகிறது.

ஜூஸ் இரண்டு ஸ்பூன் உள்ளே போனதற்காகப் பதற வேண்டாம், ஆனால் இனி வேண்டாம். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2017-இலேயே ஒரு வயது வரை ஜூஸ் கூடாது என்று சொல்லிவிட்டது. 100 மில்லி ஆப்பிள் ஜூஸில் 10 கிராம் அளவுக்குச் சர்க்கரை, பழத்தின் நார் சக்கையோடு போய்விடும். அந்தச் சின்ன வயிற்றில் இது இடம் பிடித்தால் அவ்வளவு பால் குறையும். ஆறு மாதத்துக்குப் பிறகு அதே ஆப்பிளை வேக வைத்து மசித்துக் கொடுக்கச் சொல், நாத்தனாரின் ஆசையும் நிறைவேறும். தேனை மட்டும் ஒரு வயது வரை நாக்கில் தொட்டு வைக்கக்கூட விடாதே. அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் வித்து குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சாகி, கை கால் தளர்ந்துபோய், மூச்சே நின்றுவிடலாம்.

ஊத்துக்குளி ஆத்தா:
சரி செவிலியம்மா, ராகிக்கு என்ன பதில்? நூறு கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து என்று இப்போது எல்லாரும் சொல்கிறீர்கள். அதைத்தானே நாங்கள் அன்றே கொடுத்தோம்?

ஓய்வுபெற்ற செவிலி:
ராகியை நான் ஒரு நாளும் குறை சொல்ல மாட்டேன் ஆத்தா. எப்போது கொடுப்பது, எவ்வளவு தண்ணியாகக் கொடுப்பது என்பதில்தான் என் பேச்சு.

சித்திரை, வைகாசி மாதங்களில் எங்கள் வார்டில் கட்டில் கிடைக்காது. வயிற்றுப்போக்கோடு வரும் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு மேல் நாலு, ஐந்து மாதம்தான். கையில் புட்டி இருக்கும், அதில் பாதித் தண்ணீர் விட்ட பசும்பால், அல்லது வெள்ளைவெளேரென்று ராகித் தண்ணி. கொடுத்த தாய் பாசத்தோடுதான் கொடுத்திருப்பாள். துணியில் வடிகட்டும்போது, புட்டியின் ரப்பரில், ஆறிய பாலைத் திரும்பக் கொடுக்கும்போது என்று கிருமி நுழைய எத்தனையோ வழி. பிழைத்த உங்கள் மூன்று பிள்ளைகளைப் பார்க்கிறீர்கள். பிழைக்காததை நான் கையில் வாங்கியிருக்கிறேன், அதனால்தான் இவ்வளவு பிடிவாதமாகப் பேசுகிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

பசும்பாலில் இரும்புச் சத்து மிகக் குறைவு. புரதமும் உப்பும் அந்தச் சிறுநீரகத்துக்கு அதிகம். தண்ணீர் கலந்தால் உப்பு குறையும், கூடவே கொழுப்பும் தெம்பும் போய்விடும்.

ஊத்துக்குளி ஆத்தா:
என் தங்கை பிள்ளை ஒன்று அப்படித்தான் போனது. எட்டு மாதம். பேதி என்றார்கள். பாலைப் பற்றி அன்று யாரும் பேசவில்லை.

நியூஜெர்சி அக்கா:
ஆனால் "ஆறு மாதம்" என்பதை எல்லாருக்கும் ஒரே கயிறாகக் கட்டக் கூடாது. என் மகனுக்கு உடம்பெல்லாம் கடுமையான கரப்பான் என்ற தோல் நோய். ஐந்தாம் மாதமே மருத்துவர் பரிசோதித்துவிட்டு, வேர்க்கடலை விழுதை நன்றாகக் கரைத்துக் கொடுக்கச் சொன்னார். 2015-இல் பிரிட்டனில் 640 குழந்தைகளை வைத்துச் செய்த லீப் ஆய்வில், சீக்கிரமே வேர்க்கடலை சாப்பிட்ட பிள்ளைகளுக்கு ஐந்து வயதில் கடலை ஒவ்வாமை ஐந்தில் நான்கு பங்கு குறைந்திருந்தது. ஒன்றரை வயது வரை முட்டையும் கடலையும் கண்ணில் காட்டாதே என்று எங்கள் அம்மா சொன்ன பழைய முறை தவறு என்று ஆகிவிட்டது.

ஓய்வுபெற்ற செவிலி:
உண்மைதான். கரப்பான் கடுமையாக உள்ள பிள்ளைக்கு மருத்துவர் பார்த்துச் சொன்னது அது. பவானிக்கரையின் மகளுக்கு அப்படி எதுவும் இல்லை. ஆனால் ஆறு மாதம் ஆன பிறகு முட்டையைத் தள்ளிப்போட வேண்டாம் என்பதை நம் ஊரிலும் எல்லாரும் கேட்க வேண்டும்.

பவானிக்கரை:
எல்லாருக்கும் நன்றி. எடைக் கோட்டை அத்தையை உட்கார வைத்துக் காட்டினேன். அமைதியாகிவிட்டார். ஆனால் வேலை? காலை எட்டரைக்குப் போனால் மாலை ஆறு. அதற்கு என்ன வழி?

தாய்ப்பால் மட்டும்:
பீய்ச்சி வைத்துவிட்டுப் போங்கள். நான் ஏழு மாதம் அப்படிச் செய்தேன். கையாலேயே எடுக்கலாம், மூடியுள்ள எவர்சில்வர் கிண்ணம் போதும். நம் ஊர் வெயிலில் வெளியே வைக்காதீர்கள். குளிர்சாதனப் பெட்டியின் உள்பக்கம், கதவோரத்தில் அல்ல, நான்கு நாள் வரை இருக்கும். அடுப்பில் வைத்துச் சூடாக்க வேண்டாம், சுடுதண்ணீர்ப் பாத்திரத்தில் கிண்ணத்தை வைத்தால் போதும். ஊட்டுவதற்குப் பாலாடைச் சங்குதான் சரி, புட்டி வேண்டாம். பாலாடையைக் கழுவுவது சுலபம், இடுக்கில் எதுவும் தங்காது.

அப்புறம், சட்டப்படி குழந்தைக்கு 15 மாதம் ஆகும் வரை பாலூட்ட நாளுக்கு இரண்டு இடைவேளை உண்டு. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடம் என்றால் குழந்தைக் காப்பகமும் வைக்க வேண்டும். எழுத்தில் கேளுங்கள்.

இரட்டையர் அப்பா:
கேட்கட்டும். கிடைக்காவிட்டால்? சுவரில் ஒட்டிய சட்டத்தைக் காட்டிக் குழந்தையின் பசியை ஆற்ற முடியாது. மதியம் ஒரு வேளை பால் குறைந்தால் ஃபார்முலா கொடுப்பதில் குற்றம் எதுவும் இல்லை தங்கச்சி. நான் செய்த தவறைச் சொல்கிறேன், அதை நீங்கள் செய்யாதீர்கள்.

400 கிராம் டப்பாவில் மூன்று லிட்டருக்கும் குறைவாகத்தான் பால் வரும். என் இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரு டப்பா இரண்டு நாளைத் தாண்டவில்லை. மாதக் கடைசியில் கையில் பணம் இல்லாதபோது என் அம்மா ஒரு கரண்டிக்கு 30 மில்லிக்குப் பதில் 50 மில்லி தண்ணீர் ஊற்றினார். எனக்குத் தெரியும், தடுக்கவில்லை. மூன்று வாரம். சின்னவன் எடை நின்றுவிட்டது. மருத்துவர் கேட்டபோதுதான் சொன்னேன். இப்போது அவனுக்கு நான்கு வயது, நன்றாக இருக்கிறான். என்றாலும் அந்த மூன்று வாரத்தை நான் மறக்கவில்லை.

ஓய்வுபெற்ற செவிலி:
நீங்கள் இதைச் சொன்னதற்கு நன்றி தம்பி. தண்ணீர் அதிகமானால் பசி மட்டுமல்ல, ரத்தத்தில் உப்பு குறைந்து வலிப்பு வரலாம். அதிகத் தூள் போட்டாலும் ஆபத்துதான். கரண்டியைக் கத்தியால் தட்டையாக வழித்து, டப்பாவில் போட்ட அளவு எதுவோ அதுவே. தண்ணீரைக் கொதிக்க வைத்து, அரைமணி நேரத்துக்குள், அதாவது நல்ல சூடாக, 70 டிகிரிக்குக் குறையாமல் இருக்கும்போதே தூளைக் கலக்க வேண்டும். தூளிலேயே கிருமி இருக்கலாம், அந்தச் சூட்டில்தான் சாகும். பிறகு ஆற வைத்துக் கொடுக்கலாம். கலந்து இரண்டு மணி நேரம் ஆனால் கீழே ஊற்றிவிடுங்கள், பிள்ளை குடித்து மிச்சம் வைத்ததை உடனே ஊற்றிவிடுங்கள்.

தாய்ப்பாலும் ஃபார்முலாவும் சேர்ந்து குடிக்கும் பிள்ளைக்கும் தாய்ப்பாலின் பலன் கிடைக்கும். ஒரு வேளை டப்பா வந்துவிட்டது என்று மற்ற வேளைகளை விட்டுவிடாதே மகளே. இரவில் கட்டாயம் கொடு, சுரப்பு அதில்தான் நிற்கும்.

தாய்ப்பால் மட்டும்:
அந்த ஒரு வேளைதான் மூன்று வேளையாகும், நான் பார்த்திருக்கிறேன். என் கருத்து மாறாது. முதலில் பீய்ச்சிப் பார்க்கட்டும்.

பவானிக்கரை (இரண்டு மாதம் கழித்து):
எப்படிப் போனது என்று சொல்ல வந்தேன். இடைவேளை எழுத்தில் கேட்டேன். காப்பகம் இல்லை என்றார்கள், பாலூட்டும் இடைவேளை ஒன்று மட்டும் தந்தார்கள். மதியம் கணவர் மகளைக் கூட்டி வந்துவிடுவார். காலையில் பீய்ச்சி வைத்த பால் பெரும்பாலும் போதும். வாரத்தில் இரண்டு, மூன்று நாள் சாயங்காலம் ஃபார்முலா. அத்தைதான் கத்தியால் வழித்துப் போடுகிறார், என்னைக்கூட நம்புவதில்லை.

போன வெள்ளிக்கிழமை ஆறு மாதம் முடிந்தது. முதல் கரண்டி அத்தை கையால் ராகிதான், பனங்கற்கண்டு இல்லாமல். முகத்தைச் சுளித்துத் துப்பினாள். மறுநாள் ஒரு கரண்டி உள்ளே போனது. சீரியல் டப்பாவைப் பிரிக்கவே இல்லை. ராகி மட்டும் போதுமா?

ஓய்வுபெற்ற செவிலி:
நல்லது மகளே. ராகி மட்டும் போதாது. பிறக்கும்போது கொண்டுவந்த இரும்புச் சத்து ஆறு மாதத்தோடு தீர்ந்துபோகிறது, ராகியில் இருப்பது உடம்பில் எளிதில் ஒட்டாது. முளைகட்டுவது கொஞ்சம் உதவும். பருப்பும் சோறும் குழைய மசித்து ஒரு சொட்டு நெய் விட்டுக் கொடு, வேக வைத்த முட்டை கொடு, வாரம் ஒரு முறை ஈரல் கொஞ்சம் மசித்துக் கொடு. உப்பை ஒரு வயதுக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், சர்க்கரை இரண்டு வயது வரை வேண்டாம். கிராம சுகாதார செவிலியிடம் இரும்புச் சத்து மருந்து கேள், ஆறு மாதத்திலிருந்து வாரம் இரண்டு முறை ஒரு மில்லி.

எதைக் கொடுத்தாலும் கெட்டியாகக் கொடு. கரண்டியைச் சாய்த்தால் வழிந்து ஓடக் கூடாது. இந்த வயதில் சாப்பாட்டிலிருந்து ஒரு நாளைக்கு 200 கலோரி வேண்டும். தண்ணீராகக் காய்ச்சினால் வயிறு நிறையும், கலோரி சேராது.

ஊத்துக்குளி ஆத்தா:
முளைகட்டிய ராகியை நிழலில் காய வை கண்ணு, லேசாக வறுத்து அரை. ஒரு கைப்பிடி பாசிப்பருப்பும் வறுத்துச் சேர்த்துக்கொள். இந்தத் தடவை கெட்டியாகவே காய்ச்சச் சொல்லு அத்தையிடம்.