கிரேக்கக் காப்பியோட 'கைமாக்கி'க்கு தமிழ்ல என்ன சொல்லலாம்?

எல்லாருக்கும் வணக்கம். போன வாரம் ஏதென்ஸ்ல ப்ளாக்கா பக்கம் ஒரு சின்னக் கடைல மொத தடவையா கிரேக்கக் காப்பி குடிச்சேன். 'மேத்ரியோ'ன்னு கேட்டேன், அதாவது தூள் ஒரு ஸ்பூன் சர்க்கரை ஒரு ஸ்பூன். ஸ்கேட்டோன்னா சர்க்கரையே கெடையாது. டிகாஷன் எறக்கறது வடிகட்டறது எதுவும் இல்ல, மாவு மாதிரி அரைச்ச தூள், சர்க்கரை, தண்ணி எல்லாத்தையும் பிரிக்கிங்கற கழுத்து குறுகின சின்னப் பாத்திரத்துல போட்டு சின்னத் தீயில வெக்கறாங்க, மேல ஒரு படலம் கட்டி விளிம்பு வரைக்கும் பொங்கி வரும்போதே எறக்கிடணும், கொதிச்சா அது ஒடஞ்சு போயிடும். நான் ஃபில்டர் காப்பி பழக்கத்துல கடைசி சொட்டு வரைக்கும் கவுத்துட்டேன், வாயெல்லாம் தூள், கூட வெச்ச தண்ணி கிளாஸ் எதுக்குன்னு அப்பதான் புரிஞ்சுது!

அந்தப் படலந்தான் கைமாக்கி. அது இல்லேன்னா காப்பி சரியா போடலைன்னு அர்த்தமாம். 'நுரை'ன்னு எழுதிட்டு அழிச்சுட்டேன். நம்ம நுரை ஆத்தறதுல வர்றது, குமிழ் குமிழா இருந்து சீக்கிரம் அடங்கிடும், இது கெட்டியா நிக்குது. நல்ல சொல் இருந்தா சொல்லுங்க.

---

அண்ணே, கைமாக்கி துருக்கிச் சொல்லு, 'கய்மக்'னா பாலேடு. அவங்களே பால்ல கட்டற ஏட்டைப் பாத்துதான் காப்பிக்கும் பேர் வெச்சிருக்காங்க, நாமளும் அதே வழியில 'காப்பியேடு'ன்னு போடலாமே? இன்னொண்ணு, தலைப்புல துருக்கிக் காப்பின்னு போட்டுடாதீங்க, அங்கயும் முன்னாடி அப்படித்தான் சொல்லிட்டிருந்தாங்க, ஆனா 1974ல துருக்கி சைப்ரஸ் மேல படையெடுத்ததுக்கு அப்புறம் அந்தப் பேரு ஒதுங்கிருச்சு.

---

தம்பி, வேர் புடிச்சது அருமை. ஆனா காப்பியேடுன்னா எனக்கு ஏதோ காப்பிய ஏடு, ஓலைச்சுவடி ஞாபகந்தான் வருது :) இல்லேன்னா பசங்க பரீட்சைல காப்பியடிக்கற நோட்டு! 'நுரையேடு'ன்னு வெச்சுக்கலாம். எஸ்பிரஸ்ஸோ மேல நிக்கற க்ரேமாவும் இத்தாலியன்ல க்ரீம்தானே, ஒரே சொல் ரெண்டுக்கும் ஓடும். அடியில தங்கறதுக்கு புதுசா எதுவும் செய்ய வேணாம், எங்க வீட்ல எண்ணெய்க்கும் காப்பிக்கும் மண்டின்னுதான் சொல்லுவோம்.

---

நுரையேட்டுக்கு என் ஓட்டு அக்கா. "நுரையேட்டை மொதல்ல கப்புகளுக்குப் பங்கிட்டு அப்புறம் மிச்சத்தை ஊத்தினாங்க"ன்னு எழுதிப் பாத்தேன், நெருடலே இல்ல. மண்டியும் எடுத்துக்கறேன். பிரிக்கிக்கு ஒருத்தர் தனி மடல்ல கெண்டின்னு சொல்றார், ஆனா கெண்டிக்கு மூக்குக் குழாய் வேணும், இதுக்கு ஊத்த வாட்டமா விளிம்புல ஒரு நெளிவு மட்டுந்தான். கைப்பிடியோ அரை முழம். இப்போதைக்கு பிரிக்கின்னே விட்டு வெக்கறேன்.