1799 வெள்ளி டாலர், கன்னத்தில் கீறல்: அசலா போலியா? அவசரம்

பென்சில்வேனியாவாசி:
வணக்கம். பக்கத்து ஊரில் ஒரு பெரியவரின் வீட்டைக் காலி செய்து பொருள்களை விற்றார்கள். 1799 என்று பொறித்த வெள்ளி டாலர் ஒன்றை 400 டாலருக்கு வாங்கினேன். பெண்ணின் தலை, 13 நட்சத்திரங்கள் எல்லாம் இருக்கின்றன. ஆனால் கன்னத்தின் குறுக்கே அரத்தால் இழுத்ததுபோல் நான்கைந்து கோடுகள். போலியா? திங்கட்கிழமைக்குள் சொன்னால் பணம் திரும்பக் கிடைக்கும்.

தராசுக்காரர்:
எடை எவ்வளவு? விளிம்பில் என்ன இருக்கிறது? பின்பக்கம் எப்படி? இவை மூன்றும் இல்லாமல் யாராலும் எதுவும் சொல்ல முடியாது.

காந்தம்70:
காந்தத்தை அருகில் கொண்டுபோங்கள். ஒட்டினால் போலி. அவ்வளவுதான்.

தராசுக்காரர்:
ஒட்டினால் போலி, சரி. ஒட்டாவிட்டால்? பித்தளையும்தான் ஒட்டாது.

மல்லிகா:
மேலே அழுக்கு படிந்திருந்தால் கோடு சரியாகத் தெரியாது. கொஞ்சம் புளி போட்டுத் தேய்த்துப் பாருங்கள்.

நாணயப்பித்தன்:
தயவுசெய்து புளியைத் தொடாதீர்கள்! அசலாக இருந்தால் இருநூறு ஆண்டாக மேலே படிந்த நிறம் ஒரு நிமிடத்தில் போய்விடும், விலையும் பாதியாகும். கோடுகளைப் பற்றி இங்கே எத்தனை முறை எழுதியிருக்கிறேன்! தேடிப் படிக்கும் பழக்கமே யாருக்கும் இல்லை. 1792ஆம் ஆண்டு அமெரிக்க நாணயச் சட்டப்படி டாலரின் எடை 416 கிரெயின், ஏறத்தாழ 26.96 கிராம். பிலடெல்பியா நாணயச்சாலையில் எடை கூடிய வெற்று வெள்ளி வில்லைகளை அரத்தால் ராவிவிட்டுத்தான் அச்சில் வைத்தார்கள். அச்சு முழுதாக அழுத்தாத மேடான இடங்களில் அந்தத் தடம் நின்றுவிடும். கன்னத்தில் கோடு இருப்பது அசலுக்கே அடையாளம்.

தராசுக்காரர்:
அடையாளம் என்று அறுதியிட வேண்டாம், ஐயா. அசல் நாணயத்திலிருந்து அச்செடுத்துச் செய்த போலியில் அரத் தடமும் சேர்ந்தே பதியும். இதில் எத்தனையோ பேர் ஏமாந்திருக்கிறார்கள்.

நாணயப்பித்தன்:
எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம்.

காந்தம்70:
போலி என்றால் என்ன? 1804 என்று பொறித்த டாலர்களை 1834 வாக்கில் வெளிநாட்டு மன்னர்களுக்குப் பரிசளிக்க அடித்தார்கள். அரசாங்கமே பழைய ஆண்டைப் போட்டது. அதைக் கோடிக்கணக்கில் வாங்குகிறார்கள்!

நாணயப்பித்தன்:
நாணயச்சாலையே அடித்தது எப்படிப் போலியாகும்? சயாம் (இன்றைய தாய்லாந்து) மன்னருக்குப் போன பரிசைப் போலி என்பீர்களா?

காந்தம்70:
1804இல் அடிக்காததை 1804 என்று சொன்னால் வேறு என்னவாம்?

தராசுக்காரர்:
அதற்குத் தனி இழை தொடங்குங்கள். நண்பரே, சமையலறைத் தராசு போதாது. 0.01 கிராம் காட்டும் நகைத் தராசு வேண்டும். ஒரு கிண்ணம் தண்ணீரைத் தராசில் வைத்துப் பூஜ்ஜியமாக்குங்கள். நாணயத்தை நூலில் கட்டி, அடியைத் தொடாமல் முழுக்குங்கள். நாணயம் விலக்கும் தண்ணீரின் எடையாக ஏறக்குறைய 2.6 கிராம் காட்ட வேண்டும். விளிம்பில் ‘ஹண்ட்ரட் சென்ட்ஸ் ஒன் டாலர் ஆர் யூனிட்’ என்ற எழுத்து இருக்க வேண்டும். எழுத்து இல்லாமல் வெறும் கோடு கோடாக இருந்தால் அப்போதே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

பென்சில்வேனியாவாசி:
மன்னிக்கவும், வேலைக்குப் போய்விட்டேன். நகைத் தராசு கிடைக்கவில்லை. விளிம்பில் எழுத்து இருக்கிறது. பின்பக்கம் மேகத்தின் மேல் சிறிய கழுகு, சுற்றிலும் இலை வளையம்.

நாணயப்பித்தன்:
கழுகின் மார்பில் கேடயம் இல்லையா?

பென்சில்வேனியாவாசி:
இல்லை.

நாணயப்பித்தன்:
போலி. சிறிய கழுகு 1798உடன் நின்றுவிட்டது. 1799இல் கேடயம் தாங்கிய பெரிய கழுகு மட்டுமே. இரண்டு வெவ்வேறு நாணயங்களின் பக்கங்களை ஒட்ட வைத்திருக்கிறார்கள். இதை முதலிலேயே நான் கேட்டிருக்க வேண்டும். தராசுக்காரர் கேட்டார்.

பென்சில்வேனியாவாசி:
திருப்பிக் கொடுத்துவிட்டேன். பணம் வந்துவிட்டது. எல்லோருக்கும் நன்றி.

தராசுக்காரர்:
நல்லது. ஆனால் அது போலி என்று அவர்களிடம் சொன்னீர்களா? மறுபடி அதே மேசையில்தான் வைத்திருக்கிறார்களா?