மறு: டைமிங் பெல்ட் – நேரப்பட்டையா, வேறு சொல்லா?

அனைவருக்கும் வணக்கம். டைமிங் பெல்ட்டுக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்ற பேச்சைத் தொடர்கிறேன். இன்ஜினில் பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டையும், வால்வுகளைத் திறந்து மூடும் கேம் தண்டையும் இணைத்துச் சேர்ந்து சுழல வைக்கும் பல் உள்ள பெல்ட் அது. ஒரு நண்பர் கேட்டது:

> டைமிங் என்றால் நேரம், பெல்ட் என்றால் பட்டை. நேரப்பட்டை என்று வைத்துவிட்டு அடுத்த சொல்லுக்குப் போகலாமே?

போகலாம்தான். ஆனால் நேரப்பட்டை என்றதும் எனக்குக் கைக்கடிகார வார்தான் நினைவுக்கு வருகிறது. முந்தைய மடலில் வந்த காலப்பட்டை இன்னும் மோசம். சற்று வேகமாகச் சொன்னால் காலில் கட்டுகிற ஏதோ ஒன்றாகிவிடும்.

சிக்கல் ஒலியோடு நிற்கவில்லை. அண்மையில் வாட்டர் பம்ப் மாற்றுவதற்காக என் காரின் டைமிங் பெல்ட்டை வீட்டிலேயே கழற்றி மாட்டினேன். கீழே கிராங்க் பல்சக்கரம், மேலே கேம் பல்சக்கரம். இரண்டிலும் ஒரு குறி, எதிரே இன்ஜின் உடலிலும் ஒரு குறி. முதல் சிலிண்டரின் பிஸ்டனை உச்சியில் நிறுத்தி, குறிகளை நேர்ப்படுத்தி, பெல்ட்டை ஏற்ற வேண்டும். ஏற்றினேன், பார்வைக்கு எல்லாம் சரி. பெல்ட்டைத் தொய்யாமல் பிடிக்கும் டென்ஷனர் இருக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில் கொஞ்சம் தொய்வு விட்டிருந்ததை நான் கவனிக்கவில்லை. டென்ஷனர் பெல்ட்டை இறுக்கியதும் அந்தத் தொய்வு அளவுக்கு மேல்சக்கரம் திரும்பிவிட்டது. நல்லவேளை, சாவியைத் தொடுவதற்கு முன் ஸ்பேனர் போட்டுக் கிராங்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றிப் பார்த்தேன். கேம் குறி ஒரு பல் தள்ளி நின்றது.

ஒரு பல்தானே என்று விட முடியாது. கீழே 24 பல் என்றால் மேலே 48 இருக்கும். ஒரு பல் பிசகினால் கிராங்க் கணக்கில் 15 பாகை. வால்வு திறப்பதும் மூடுவதும் அந்த அளவுக்கு முந்தும் அல்லது பிந்தும். வண்டி ஓடினாலும் இழுக்காது. இன்னும் சில பல் தள்ளினால், பல இன்ஜின்களில் மேலே வரும் பிஸ்டன் திறந்திருக்கிற வால்வில் மோதி அதை வளைத்தே விடும்.

இதில் மணி எங்கே, நிமிடம் எங்கே? எந்த வேகத்தில் ஓடினாலும் கிராங்க் இரண்டு சுற்றுக்குக் கேம் ஒரு சுற்று, அதுவும் சரியான இடத்தில் தொடங்கி. பாடகர் முதல் காலத்திலும் மிருதங்கம் அதன் இரட்டை வேகமான இரண்டாம் காலத்திலும் போய்ச் சமத்தில், அதாவது தாளம் தொடங்கும் இடத்தில், வந்து சேர்வது போல. தாளப்பட்டை என்று சொல்லக்கூட எனக்கு ஆசை வந்தது; மிருதங்கத்தின் தோல்வாரை நினைத்து விட்டுவிட்டேன்.

அதனால் என் முன்மொழிவு: இசைவுப்பட்டை. இரண்டு தண்டுகளை இசைய வைப்பது. பட்டையை விட வார் அழகான சொல் என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார், எனக்கும் உடன்பாடே. ஆனால் இசைவார் என்று சேர்த்தால் ‘அவர் ஒப்புக்கொள்வார்’ என்றல்லவா ஆகிறது! பல் இருப்பதால் பற்பட்டை என்ற யோசனையும் வந்தது. பல் உள்ள பெல்ட் வேறு எந்திரங்களிலும் உண்டு. அந்தப் பொதுவகைக்கு அதை வைத்துக்கொள்ளலாம்.

ஒரு சொல் நிற்குமா என்று பார்க்க, அதை வைத்து ஒரு செய்முறை வாக்கியம் எழுதிப் பார்ப்பது என் வழக்கம்: “இசைவுக்குறிகள் நேராக இருக்கின்றனவா என்று பார்த்து இசைவுப்பட்டையை ஏற்றவும், கிராங்கை இரண்டு சுற்று சுற்றி இசைவை மீண்டும் சரிபார்க்கவும்.” தடுக்கவில்லை. பெல்ட்டுக்குப் பதில் சங்கிலி உள்ள வண்டிக்கு இசைவுச்சங்கிலி என்று அதே வேரிலிருந்து கிடைத்துவிடுகிறது. கிராங்க், கேம், வால்வு, பிஸ்டன் ஆகியவற்றை நான் இப்போதைக்குத் தொடவில்லை. ஒரே வாக்கியத்தில் ஐந்து புதுச்சொல் வந்தால் படிப்பவர் ஸ்பேனரைக் கீழே வைத்துவிடுவார்.

டென்ஷனருக்குத்தான் மனம் ஒப்பும் சொல் கிடைக்கவில்லை. இறுக்கி என்றால் ஸ்பேனரும் இறுக்கிதான். தொய்வுருளை என்றால் தொய்வைக் கொடுப்பது போல இருக்கிறது. விறைப்புருளை பரவாயில்லை, ஆனால் பல டென்ஷனர்களில் அந்த உருளையோடு சேர்ந்து ஒரு தாங்கியோ ஸ்பிரிங்கோ இருக்கும், முழுத் தொகுதியையும் அந்தப் பெயரால் அழைக்கலாமா? கையில் கிரீஸ் பட்டவர்கள் யாராவது சொல்லுங்கள்.