பலெர்மோவில் ஒரு முழுச் சாப்பாடு

இத்தாலியச் சாப்பாடு என்றால் பீட்சாவும் கிரீம் ஊற்றிய பாஸ்தாவும்தான் என்று நினைக்கும் நண்பர்கள் எனக்கு நிறைய. அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். நான் சொல்லப்போகும் சாப்பாட்டில் அவை இரண்டுமே கிடையாது.

இத்தாலியின் தெற்கே உள்ள சிசிலித் தீவின் தலைநகர் பலெர்மோ. அங்கே பல்லாரோ சந்தையை ஒட்டிய ஒரு சந்தில், குடும்பமாக நடத்தும் சின்ன திராத்தொரியா, அதாவது எளிய சாப்பாட்டுக்கடை, இருக்கிறது. நான் மிலானில் வேலை பார்க்கிறேன். சிசிலிப் பக்கம் போனால் அந்தக் கடையில் ஒரு வேளையாவது சாப்பிடாமல் திரும்ப மனசு வராது. வழக்கமாக ஒரு பாஸ்தா, ஒரு காபி, அவ்வளவுதான். போன ஜூலையில் ஊரின் காவல் புனிதை சாந்தா ரொசாலியாவின் திருவிழா பார்க்கப் போனபோதுதான் அந்திபாஸ்தி என்ற தொடக்கத் தட்டுகளில் தொடங்கி தோல்செ என்ற இனிப்பு வரைக்கும் முறைப்படி ஒரு முழுச் சாப்பாடு சாப்பிட்டோம். நானும் மனைவியும், பலெர்மோவிலேயே குடியிருக்கும் யாழ்ப்பாணத்து அண்ணன் ஒருவரும்.

அந்த அண்ணனைப் பற்றி ஒரு வார்த்தை. 1980களில் இருந்தே இலங்கைத் தமிழர்கள் பலெர்மோவில் குடியேறி வாழ்கிறார்கள். பல்லாரோவைச் சுற்றி நடந்தால் தமிழ் காதில் விழும். 1624இல் ஊரைக் கொள்ளைநோய் வாட்டியபோது பெல்லெக்ரீனோ மலைக் குகையில் சாந்தா ரொசாலியாவின் எலும்புகள் கிடைத்தன, அவற்றை ஊர்வலமாகக் கொண்டுவந்ததும் நோய் நீங்கியது என்பது அந்த ஊரின் நம்பிக்கை. அந்தக் குகைக்கோயிலுக்குத் தமிழர்களும் மலையேறிப் போகிறார்கள், இந்துக்களும்கூட. அண்ணனும் அப்படிப் போகிறவர்தான். பல வருடங்கள் உணவகங்களின் அடுப்படியில் நின்றவர். அன்று எங்களுக்கு என்ன வர வேண்டும் என்று முடிவு செய்தது அவரும் கடைக்கார அம்மாவும். மெனுவை நாங்கள் திறக்கவே இல்லை.

முதலில் பாண் கூடை வந்தது. மேலே எள் தூவிய, மஞ்சள் நிறச் சிசிலி ரொட்டி. நான் இரண்டாவது துண்டை எடுத்ததுமே அண்ணன் தடுத்தார்: "தம்பி, பாணைச் சாப்பிட்டு வயித்தை நிரப்பிப்போடாதேங்கோ. இனித்தான் எல்லாம் இருக்கு."

அந்திபாஸ்தியில் மூன்று. பனெல்லெ என்பது கொண்டைக்கடலை மாவைத் தண்ணீரில் கரைத்து, களி கிண்டுவதுபோல் அடுப்பில் விடாமல் கிண்டி, மெல்லியதாகப் பரப்பி ஆறவிட்டு, வெட்டி, எண்ணெயில் பொரிப்பது. தெருவில் இதை பன்னுக்குள் வைத்துத் தருவார்கள். இங்கே தட்டில் எலுமிச்சையோடு வந்தது. வெளியே மொறுமொறு, உள்ளே வெண்ணெய்ப் பதம். அடுத்தது கபொனாத்தா: பொரித்த கத்தரிக்காய், செலரி, ஆலிவ், கேப்பர் மொட்டு, தக்காளி, இவற்றோடு வினிகரும் சர்க்கரையும். சூடாகத் தர மாட்டார்கள். ஆறிய பிறகுதான் புளிப்பும் இனிப்பும் ஒன்றோடொன்று சேரும். மூன்றாவது சார்தெ அ பெக்காஃபீகோ. பெக்காஃபீகோ என்ற, அத்திப்பழம் கொத்தும் சிறு பறவைகளைப் பிரபுக்கள் அடைத்துச் சமைத்துச் சாப்பிட்டார்களாம். அதற்கு வசதியில்லாத வீடுகளில் மத்தி மீனை முள் நீக்கி, ரொட்டித்தூள், உலர்திராட்சை, பைன் கொட்டை வைத்துச் சுருட்டி, வால் மேலே நிமிர்ந்து நிற்கும்படி அடுக்கி, இடையிடையே லாரல் இலை செருகிச் சுட்டார்கள். இன்று அந்தப் பறவைச் சமையலைத் தேடுவார் இல்லை. மத்தி நிலைத்துவிட்டது.

அப்புறம் ஒரு நீண்ட இடைவெளி. யாரும் எங்களை அவசரப்படுத்தவில்லை. சாப்பாட்டுக்கு நடுவில் பேசுவதற்கென்றே விட்ட நேரம் அது.

பிறகு பிரீமோ, அதாவது முதல் பெரிய தட்டு: பாஸ்தா கொன் லெ சார்தெ, மத்தி மீன் பாஸ்தா. இதைப் பற்றி நான் எவ்வளவு எழுதினாலும் ஆசை தீராது. காட்டுப் பெருஞ்சீரகத் தழையை அவித்து எடுத்துவிட்டு, பச்சை நிறமான அதே தண்ணீரில்தான் பாஸ்தாவை வேகவைக்கிறார்கள். நடுவில் துளை உள்ள நீளமான புக்காத்தீனி அது, மணம் துளைக்குள்ளும் ஏறிவிடும். இன்னொரு பக்கம் வெங்காயத்தை வதக்கி, உப்பிட்ட நெத்திலியை எண்ணெயிலேயே கரையவிட்டு, நறுக்கிய தழை, உலர்திராட்சை, பைன் கொட்டை, கொஞ்சம் குங்குமப்பூ சேர்க்கிறார்கள். கூடவே போடும் மத்தி மீனில் பாதி கரைந்து குழம்பாகிவிடும், மீதி துண்டு துண்டாக நிற்கும். மேலே சீஸ் கிடையாது. எண்ணெயில் பொன்னிறமாக வறுத்த ரொட்டித்தூள்தான்.

நான் தூத்துக்குடிக்காரன். மத்தியை, எங்கள் ஊர்ப் பேச்சில் சாளையை, குழம்பிலும் பொரியலிலும் தின்று வளர்ந்தவன். மீனும் திராட்சையும் ஒரே தட்டில் என்று எழுதிப் படித்தால் எங்கள் ஊரில் முகம் சுளிப்பார்கள். ஆனால் வாயில் வைத்ததும் முதலில் பெருஞ்சீரகம் வருகிறது, அதன் பின்னால் மீனின் எண்ணெய்ச்சுவை, இது கொஞ்சம் அதிகமோ என்று தோன்றும் நேரத்தில் ஒரு திராட்சை கடிபடுகிறது. அந்த இனிப்பு மீன்வாடையை மறைப்பதில்லை, அடுத்த கவளத்துக்கு நாக்கைத் தயாராக்குகிறது. 827இல் அரபுப் படை சிசிலியில் இறங்கியபோது அவர்களின் சமையல்காரர் கைக்குக் கிடைத்ததை வைத்து முதலில் செய்தது இது என்று கடைக்கார அம்மா கதை சொன்னார். கதை எப்படியோ, கரும்பையும் எலுமிச்சையையும் அந்தத் தீவுக்குக் கொண்டுவந்தவர்கள் அரபிகள்தான். சிசிலிச் சமையலின் இந்தப் புளிப்பு-இனிப்பில் அவர்கள் கை இருக்கிறது.

செகொந்தோவாக, அதாவது இரண்டாவது பெரிய தட்டாக, வந்தது பெஷெ ஸ்பாதா, மூக்கு வாளாக நீண்டிருக்கும் பெரிய கடல்மீன். அதை மெல்லிய துண்டுகளாக்கி, உள்ளே ரொட்டித்தூள் வைத்துச் சுருட்டி, வெங்காயத்தோடு கம்பியில் குத்திக் கரியில் வாட்டியிருந்தார்கள். இதிலும் உலர்திராட்சை, பைன் கொட்டை! அப்போதுதான் எனக்கு அந்தச் சாப்பாட்டின் சூட்சுமம் பிடிபட்டது. மூன்று மீன் தட்டிலும் அதே நாலைந்து சாமான்கள். ஆனால் ரொட்டித்தூள் முதல் தட்டில் மீனின் சாறு குடித்து மெத்தென்று இருந்தது, இரண்டாவதில் நறநறவென்று, மூன்றாவதில் கரிப்புகை ஏறி வந்தது. ஒரு தட்டு இன்னொன்றைத் திருப்பிச் சொல்லவே இல்லை. சாமான் குறைந்த வீட்டின் கெட்டிக்காரத்தனம் இது. நட்சத்திர ஹோட்டல்களில் தட்டுக்குத் தட்டு புதுப் பொருள் காட்டுவதைவிட எனக்கு இதுதான் பெரிய சமையல். கூடவே கொந்தோர்னோ என்ற தொடுகறியாக தக்காளி, சிவப்பு வெங்காயம், ஒரெகானோ போட்ட சாலட் வந்தது. நன்றாகவே இருந்தது.

தோல்செவுக்கு கன்னோலி, அதாவது ரிக்கோத்தா பாலாடை அடைத்த பொரித்த குழல், கேட்கலாம் என்றிருந்தோம். அண்ணன் வேண்டாம் என்று தலையசைத்துவிட்டார். "அது எப்பவும் கிடைக்கும். இப்ப ஜெலோ எடுங்கோ." தர்ப்பூசணிச் சாற்றைச் சர்க்கரையும் மாவும் சேர்த்துக் காய்ச்சி உறையவைத்த கோடைகால இனிப்பு. பட்டைத்தூள், விதை மாதிரித் தெரியச் சாக்லேட் துணுக்கு, மேலே நாலு மல்லிகைப் பூ. பூவை வெறும் அழகுக்கு வைக்கவில்லை, மல்லிகை ஊறிய தண்ணீரை உள்ளேயும் சேர்க்கிறார்கள். முதல் கரண்டியில் என் மனைவி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். தலையில் சூடும் மணத்தை நாக்கில் உணர்வது எங்கள் இருவருக்குமே அதுதான் முதல்முறை.

காபிக்கு முன்பு அடுப்படியில் இருந்து ஒரு சமையல்காரர் வெளியே வந்து அண்ணனிடம் தமிழில் நலம் விசாரித்தார். அன்று எங்களுக்குப் பாஸ்தா செய்தவர் அவர்தான். ஜூலையில் பெருஞ்சீரகத் தழை முற்றிவிடுமே, எப்படிக் கிடைக்கிறது என்று கேட்டேன். வசந்தகாலத்தில் மலைப்பக்கம் இளசாகப் பறித்து, அவித்து, ஃப்ரீசரில் சேர்த்து வைத்துவிடுவோம் என்றார். பெருமையாகச் சொன்னார், பெருமைப்பட வேண்டிய கைதான்.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். பாஸ்தா கொன் லெ சார்தெ சாப்பிட மார்ச் முதல் செப்டம்பர் வரை நல்ல காலம், ஜெலோ கோடையில்தான். ஜூலை 14 இரவு கதீட்ரலில் இருந்து சாந்தா ரொசாலியாவின் தேர் கடலை நோக்கிப் புறப்படும், ஊரே தெருவில் நிற்கும், எனவே அந்த வாரத்தில் மேசையை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். பில்லில் கொப்பேர்த்தோ என்று தலைக்கு ஒரு சிறு தொகை இருந்தால் திகைக்க வேண்டாம், மேசைக்கும் ரொட்டிக்கும் வாங்குவது அது. சைவம் சாப்பிடுகிறவர்கள் பனெல்லெ, கபொனாத்தா, ஜெலோ மூன்றையும் கேளுங்கள், ஜெலோவில் ஜெலட்டின் சேர்க்கிறார்களா என்று மட்டும் ஒரு வார்த்தை விசாரித்துக்கொள்ளுங்கள். மதியம் லேசாகச் சாப்பிட்டுவிட்டு இரவு ஒன்பது மணிக்கு மேல் போய் உட்காருங்கள்.