கையெழுத்துப் போட்டது நான்

சீல் விவகாரத்தில் எங்கள் ரேஸிங் டீம் மாட்டியபோது அந்தக் காருக்குப் பொறுப்பான மெக்கானிக் நான். பல வருஷம் யாரிடமும் பேசாமல் இருந்ததை இப்போது சொல்லிவிடுகிறேன்.

அந்தப் போட்டியில் எல்லா டீமுக்கும் ஒரே இன்ஜின். யாரும் திறக்கக் கூடாது. போல்ட் தலைகளில் கம்பி கோத்து, முனையில் ஈய சீல் அழுத்தியிருப்பார்கள். ரேஸ் முடிந்ததும் சோதனை அதிகாரி டார்ச் அடித்துக் குனிந்தார். வெகுநேரம் நிமிரவே இல்லை. மூன்று கம்பிகள் சூட்டில் கறுத்திருந்தன, நாலாவது மட்டும் பளபளவென்று இருந்தது. எனக்கு அப்போதே அடிவயிறு கலங்கிவிட்டது.

தகுதி நீக்கம் வந்த மாலையே மேனேஜர் எங்களை வரிசையாக நிற்கவைத்து, "யார் கை வைத்தது?" என்று கேட்டார். கை வைத்தது எங்களில் இளையவன், சேர்ந்து எட்டு மாதம்தான். வைக்கச் சொன்னது சீஃப் இன்ஜினியர். ஆனால் மறுநாள் டீம் வெளியிட்ட அறிக்கை, 'ஒரு ஊழியர் தன்னிச்சையாகச் செய்த தவறு' என்றது. பையன் டூல்பாக்ஸைப் பூட்டிச் சாவியை என்னிடம் கொடுத்தான். "நீங்க பார்த்தீங்கல்ல அண்ணா?" என்று மட்டும் கேட்டான்.

நான் பார்க்கவில்லை. அதுதான் விஷயமே. ஜாப் ஷீட்டில் 'சீல் சரிபார்க்கப்பட்டது' என்ற வரிக்கு நேரே இருப்பது என் கையெழுத்து.

அன்று ராத்திரி முழுக்க ஃபார்முலா 1-இன் 2008 சிங்கப்பூர் கிராண்ட் ப்ரீதான் மனதில் ஓடியது. ரெனோவின் நெல்சன் பிக்கே ஜூனியர் 17-ஆம் வளைவில் சுவரில் மோத, எல்லாரையும் மெதுவாக ஓடவைக்கும் சேஃப்டி கார் வந்தது. பெட்ரோலுக்கும் டயருக்கும் சற்று முன்பே பிட்டுக்குப் போய் வந்திருந்ததால் முந்திக்கொண்ட அதே டீமின் அலோன்சோ, 15-ஆம் இடத்தில் கிளம்பியவர், ஜெயித்தார். அது திட்டமிட்ட மோதல் என்பது மறு வருஷம், பிக்கேயை டீம் நீக்கிய பிறகுதான் வெளியே வந்தது. 2009 செப்டம்பரில், குற்றச்சாட்டை எதிர்க்கப் போவதில்லை என்று ரெனோ அறிவித்தபோதே டீம் தலைவர் பிரியாத்தோரேயும் பொறியியல் தலைவர் பாட் சைமண்ட்ஸும் வெளியேறிவிட்டார்கள். பிரியாத்தோரே இனி ரேஸ் பக்கமே வரக் கூடாது என்று விதித்த தடையை 2010 ஜனவரியில் பாரிஸ் நீதிமன்றம் ரத்து செய்தது. 2024-இல் அதே டீமுக்கு, ஆல்பீன் என்ற பெயரில், ஆலோசகராகத் திரும்பியும் விட்டார். எனக்கு அது இன்றும் ஜீரணமாகவில்லை.

அதைவிட உறுத்தியது 2009 மெல்போர்ன் ரேஸ். ரேஸ் நடுவர்களான ஸ்டூவர்டுகளிடம் உண்மையை மறைத்ததற்காக மெக்லாரன் டிரைவர் ஹாமில்டன் தகுதி நீக்கம் ஆனார். 1974 முதல் மெக்லாரனில் இருந்த டேவ் ரயனின் வேலை போனது. ஆனால் அப்புறம் டீம் தலைவர் மார்ட்டின் விட்மார்ஷ் தானே விசாரணைக்குப் போய் மன்னிப்புக் கேட்டார். டீமுக்கு விதித்த மூன்று ரேஸ் தடை நிறுத்திவைக்கப்பட்டது. தலைவர் என்றால் அந்த நாற்காலியில் போய் உட்கார வேண்டும் என்றுதான் நான் நினைக்கிறேன். எங்கள் மேனேஜர் பையனை உட்கார வைத்தார், நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் முதலாளி வந்தார். அடுக்கியிருந்த டயர் மேல் உட்கார்ந்து, 'யார்' என்று கேட்காமல் ஜாப் ஷீட்டுகளைக் கேட்டார். வரி வரியாகப் படித்தார்.

"இது யார் கையெழுத்து?"

"என்னுது சார்."

"பார்த்துட்டுத்தான் போட்டீங்களா?"

"இல்ல சார். பையன் செஞ்சதும் சொந்த யோசனை இல்ல."

கொஞ்ச நேரம் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "அந்த அறிக்கை எனக்கும் வந்துச்சு. நானும் படிக்காமதான் சரின்னுட்டேன்" என்றார்.

எங்கள் முன்னாலேயே போட்டி அமைப்பாளருக்குப் போன் போட்டார். அப்பீலை வாபஸ் வாங்குகிறோம், அறிக்கை பொய், நான் நேரில் வருகிறேன் என்றார். அந்த வாரமே சீஃப் இன்ஜினியரும் மேனேஜரும் போனார்கள். எனக்கு நாலு ரேஸ் சம்பளமில்லாமல் வெளியே. அது நியாயம்தான்.

பையன் திரும்பி வரவில்லை. முதலாளி இரண்டு தடவை நேரில் போய்க் கூப்பிட்டார். மன்னிப்பை ஏற்றுக்கொண்டான், வேலையை ஏற்கவில்லை. டூல்பாக்ஸை நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன், பெற்றுக்கொண்டதற்கு ஒரு ரசீதோடு. பெட்டியைத் திறந்து, ஸ்பேனர்களை ஒவ்வொன்றாக எடுத்து எண்ணினான். எல்லாம் இருந்தது. அப்புறம்தான் கையெழுத்துப் போட்டான்.