'இத்தகஃத' எந்த வேர்ச்சொல்லின் கீழ் வரும்?

அரபு–ஆங்கில வேர்ச்சொல் பட்டியல் ஒன்று தொகுக்கிறேன். மூன்று நாளாக ஒரே சொல்லில் நிற்கிறது: 'இத்தகஃத' (எடுத்துக்கொண்டான்), எட்டாம் வாய்பாடு (வேரின் முதலெழுத்துக்குப் பின் 'த' சேரும் வினை வடிவம்).

வேரின் முதலெழுத்து வாவ் ('வ') என்றால் சிக்கலில்லை. அது தா ('த') ஆகி இரட்டிக்கும்: 'வஸல', 'இத்தஸல'. முதலெழுத்து ஹம்ஸா (குரல்வளை அடைப்பொலி) என்றால் பொதுவாக அப்படி மாறாது: 'அமர', 'ஈதமர'. ஹம்ஸாவில் தொடங்கும் 'அகஃத'விலிருந்து (எடுத்தான்) வந்திருந்தால் 'ஈதகஃத' என்றல்லவா இருக்க வேண்டும்?

ஹான்ஸ் வேர் (Hans Wehr) என்பவரின் அரபு அகராதி 'அகஃத'வின் கீழேயே தருகிறது. லிஸானுல் அரப் என்ற பழைய அரபு அகராதியில் 'தகிஃத'வுக்குத் தனிப் பதிவும் உண்டு. குர்ஆன் 18:77இல் 'லத்தகஃத்த' என்பதை குர்ஆன் ஓதல் மரபின் இமாம்களான இப்னு கஸீரும் அபூ அம்ரும் 'லதகிஃத்த' என ஓதியிருப்பது, 'தகிஃத' தனி வேர் என்பதற்கு வலுவான சான்றாகப் படுகிறது.

இரண்டிலும் முழுப் பதிவு போட்டுப் பார்த்தேன். ஒன்றைத் திருத்தினால் மற்றதில் பழைய ஆங்கிலப் பொருளே நின்றுவிடுகிறது.

முதன்மைப் பதிவை 'அகஃத'வில் வைத்து 'தகிஃத'வில் 'காண்க' என்று குறிப்பதா, மாற்றி வைப்பதா?